காயமில்லாத மான் இறைச்சி

வாமதேவன் கொண்டுவந்து என் பிரீசரை நிரப்பிய மான் இறைச்சியில் ஒரு துண்டில்கூட வெடிபட்ட அடையாளம் இல்லை. நான் சும்மா விடுகிற ஆளா? ஒவ்வொரு பையாக உருக்கி, சிங்கில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எசெக்ஸில் ஒரு பண்ணைக்காரன் தன் காட்டில் சுட அனுமதி தந்திருக்கிறான், துவக்குக்கு லைசென்ஸும் இருக்கிறது என்று மனிதர் சொல்லியிருந்தார். எனக்கென்னவோ, சவுத்தாலில் ஏதோ இறைச்சிக் கடையில் வாங்கிவந்து கதை அளக்கிறார் என்றே பட்டது.

என் கணவர் இறந்து ஆறு வருடம். செவன் கிங்ஸ் வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். தை மாதம் கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணுவோமா என்று வாமதேவன் கேட்டிருந்தார். நல்ல மனிதர், சம்மதம் சொல் என்று தங்கை யோகமலர் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். இறைச்சியில் பொய் சொல்கிறவர் வேறு எதில் சொல்லமாட்டார்? கண்ணால் பார்த்துவிட்டே பதில் சொல்வது என்று, அந்தச் சனிக்கிழமை நானும் அவருடைய காரில் ஏறினேன். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

காட்டோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். துவக்கை மடியில் வைத்தபடி, வெட்டிய ஆப்பிள் துண்டுகளை முன்னால் எறிந்தார். ஒரு மாதமாகப் போட்டுப் பழக்குகிறாராம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டை மான் வந்தது. எங்களைக் கண்டும் ஓடவில்லை.

"வா பிள்ளை, பயப்பிடாத. நான் இருக்கிறன்தானே," என்றார் மெல்லமாக.

கோயில் வாசலில் என்னிடம் கல்யாணம் கேட்டதும் இதே குரலில்தான்.

மான் இன்னும் கிட்ட வந்து ஆப்பிளுக்குத் தலை குனிந்தது. இரண்டு எட்டு வைத்தால் தொடலாம். ஒரே வெடி, தலையில்.

மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தலையில் சுட்டால் இறைச்சியில் எப்படிக் காயம் இருக்கும்? அது தெரிந்த பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது.

"கிட்ட வரப் பழக்கிப்போட்டா ஒருநாளும் தப்பாது," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே மானைக் காரின் பின்னால் ஏற்றினார். கையைத் துடைத்துவிட்டு எனக்காக முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"குளிருது, ஏறுங்கோ. ஏன் யோசிக்கிறியள்?"

அதே குரல்.

"நான் ரெயினில போறன்," என்றேன்.

ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்காமலே நடக்கத் தொடங்கினேன்.