நல்ல நேரத்தில் ஒரு நாமினி

“மதினி, ராகுகாலம் வாரதுக்குள்ள அந்த நம்பரச் சொல்லிருங்க.”

சொன்னவர் சுடலைவடிவோடு ஒரே வீட்டில் இருக்கும் கொழுந்தன் அம்மையப்பன். பக்கத்தில் அவர் மகன் இசக்கிமுருகன் செல்போனும் கையுமாக நின்றான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதியில் இருபத்திரண்டு வருஷம் சோறு பொங்கிய சுடலைவடிவுக்கு அடுத்த மாதம் ஓய்வு. அவளுடைய பி.எஃப். கணக்கில் தன் பெயரை நாமினியாக ஏற்றிவிட அவன் துடித்தான். கணக்குக்குள் நுழைய, அவள் போனுக்கு வரும் ஓ.டி.பி. ஒன்றுதான் பாக்கி.

“எம் மவ முத்துராணி இருக்காளே,” என்றாள் சுடலைவடிவு.

“அவள ஆழ்வார்குறிச்சியில கெட்டிக் குடுத்தாச்சுல்லா. வேற வீட்டுப் பிள்ள. நாளைக்கு உங்களுக்குக் கொள்ளி வைக்கப்போறது எம் பையன்தான?”

சுடலைவடிவுக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருப்பவளிடமே கொள்ளிக்கு அட்வான்ஸ் கேட்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். புருஷன் போய்ப் பதினாறு வருஷம். அழுது தீர்த்தது போக அவளிடம் மிஞ்சியது இந்தச் சிரிப்புதான். அதைத் தாராளமாகவே செலவழிப்பாள்.

போன வாரம் இதே இசக்கிமுருகனுக்கு நிச்சயதார்த்தம். நூறு பேருக்குச் சாம்பாரும் அவியலும் வைத்தவள் அவள். தாம்பூலத் தட்டை ஆசையாக எடுத்துச் சபைக்கு வந்தபோது, அம்மையப்பன் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு தட்டு கொண்டுவரச் சொன்னார். “நல்ல காரியம் மதினி. நீங்க கை வைக்கப்பிடாது, உள்ள இருங்க.” அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன் சிணுங்கியது. ஆறு எண்கள் வந்துவிட்டன.

“சொல்லுங்க பெரியம்ம,” என்றான் இசக்கிமுருகன்.

“இது நல்ல காரியமாலே?”

“பின்ன? அதான் அப்பா காலண்டர்ல நேரம்லாம் பாத்திருக்காவ.”

“அப்ப நான் கை வைக்கப்பிடாதுல்லா.” போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். “நான் தொட்ட தட்டையே மாத்துதிய. நான் தொட்ட ரூவா மட்டும் ஆவுமா?”

அம்மையப்பன் முந்திக்கொண்டார். “அது சடங்கு மதினி. இது கவருமெண்டு காரியம்லா.”

“கவருமெண்டு காரியத்த நேத்தே முடிச்சாச்சு கொழுந்தனாரே. விடுதி ஆபீஸ்ல இருக்க டார்லின் பிள்ளதான் முத்துராணி பேரப் போட்டுக் குடுத்திச்சு. நேரமெல்லாம் பாக்கல. ராகுகாலமா இருந்தாலும் இருக்கும்.”

அப்பனும் மகனும், பஸ் ஏறிப்போய்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைப் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால், எதிரே வராமல் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவது சுடலைவடிவின் பதினாறு வருஷ வழக்கம். இன்றைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னாலேயே தெருவில் இறங்கி, திரும்பி, நேர் எதிரே நின்றாள். இரண்டு பேரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

“ஏன் நிக்கிய? வாங்க, பஸ்ஸு வந்திரும். உங்களுக்கும் எடம் போட்டு வைக்கேன்.”