கத்திக்குப் பயந்தவன்

வேனிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார்கள். ஹாலில் அதை வைக்க இடம் போதவில்லை. தனேஸ்வரி சோபாவின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினாள். பெட்டிக்குள் இருந்தது அவளுடைய ஒரே தம்பி கணேஸ்வரன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன்.

பக்கத்து வீட்டு அப்பளசாமி வாசலில் நின்றபடி சொன்னார்:

"வெறும் அப்பெண்டிக்ஸ்தானே லா? இப்பல்லாம் மூனு சின்ன ஓட்ட போட்டு எடுத்துடறாங்க. என் மருமவன் மறுநாளே எழுந்து நடந்தான்."

தனேஸ்வரி இன்னும் தள்ளினாள். சோபா ஏற்கெனவே சுவரில் முட்டி நின்றிருந்தது.

போன வியாழக்கிழமை டாக்டரும் அதைத்தான் சொன்னார். அவள் பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்பவள் என்று தெரிந்து இங்கிலீஷில் அவளிடமே பேசினார். இன்றே ஆப்பரேஷன் செய்வது நல்லது. மருந்து மட்டும் கொடுத்தும் பார்க்கலாம், ஆனால் திரும்ப வரலாம். குடல்வால் வெடித்துவிட்டால் வயிற்றையே திறக்க வேண்டியிருக்கும்.

"என்னக்கா சொல்றாரு?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பி கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் துளசிக்கு நிச்சயதார்த்தம். சுங்கை புரோங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

"மருந்துலயே சரியாயிடுமாம்ப்பா."

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிக்கா" என்றான்.

வலி குறைந்ததும் மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிட்டான். ஞாயிறன்று பட்டு வேட்டி கட்டித் தட்டைக் கையில் வாங்கிச் சிரித்தான். மறுநாள் வெடித்தது. வயிற்றைத் திறந்து கழுவியும் பிழைக்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது.

"டாக்டர் அறுக்கணும்னுதான் சொன்னாராம்ண்ணே." பெட்டியருகே பாயில் கிடந்த அவன் மனைவி நவமணி தலையைத் தூக்கினாள். "இவருதான் கத்திக்குப் பயந்துகிட்டு வேணாம்னுட்டாராம். இவரே எங்கிட்ட சொன்னாரு. பாவம், அக்காதான் ஆஸ்பத்திரிக்கே இழுத்துட்டுப் போனாங்க."

தனேஸ்வரி சோபாவிலிருந்து கையை எடுத்தாள். டாக்டர் பேசியது அவனுக்கு அன்றே புரிந்திருக்கிறது.

"இல்ல நவமணி..." என்று தொடங்கினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றாள்.

நவமணி வேண்டாமென்று தலையசைத்து, பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கக்கா. காலையிலேருந்து நிக்கிறீங்க."

உட்கார்ந்தாள். நவமணி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தனேஸ்வரியின் கை அவள் முதுகு வரை போய், தொடாமல் அப்படியே நின்றது.