நூல் வெட்டு

காலையிலிருந்து வாய் வாயாகப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. வரிசை குறைகிற மாதிரி தெரியவில்லை. மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, என் நெற்றியில் ஒரு விளக்கு, இடுப்பில் தீராத வலி. பல் முகாமுக்கு வரவேண்டிய டாக்டர் இளங்கோவன் வழக்கம்போல வரவில்லை. நான் டாக்டர் இல்லை, பல்லைச் சுத்தம் செய்து, சொத்தை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற ஹைஜீனிஸ்ட். எத்தனை முறை சொன்னாலும் இந்தக் குப்பத்தில் எனக்கு டாக்டரம்மா என்றுதான் பெயர். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

செவ்வந்தி தன் ஏழு வயது மகள் மஞ்சுவை இழுத்துக்கொண்டு வந்தாள். சிரித்தாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்றைக் காணோம்.

"பல்லு என்ன ஆச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க டாக்டரம்மா! பொன்னேரில ஒரு பாவி புடுங்கிட்டான். வேரு வரிக்கும் சொத்தையாம். போன வருஷம் நீங்க பாத்துட்டு ஒண்ணுமில்லனு சொன்னீங்க இல்ல? அதச் சொன்னா நம்பமாட்டேன்றான். இப்ப நூல பிளேடால அறுத்துக்கினு கெடக்கறேன்."

இங்கே வலை தைக்கிற பெண்கள் நைலான் நூலைப் பல்லாலேயே கடித்து அறுப்பார்கள். அதனால் முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். முதல் முகாமில் அதையெல்லாம் சொத்தை என்று எழுதி இருபது பேரை வீணாகப் பொன்னேரிக்கு அலையவிட்டேன். ஊரே சிரித்தது. அந்த ரோஷத்தில் அடுத்த முறை பள்ளத்தைக் கண்டாலே நூல் வெட்டு என்று தாண்டிவிட்டேன். கம்பியால் நெருடிப் பார்த்தால் தெரிந்துவிடும். நூல் வெட்டு வழவழவென்று கெட்டியாக இருக்கும், சொத்தை என்றால் கம்பி பொதுக்கென்று இறங்கும். செவ்வந்தியின் பல்லில் நான் கம்பியை வைக்கவே இல்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"இவளப் பாருங்க. உங்கள விட்டா யாரையும் நான் நம்பறதில்ல."

மஞ்சு ஆவென்று திறந்தாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். "சொத்தை ஒண்ணும் இல்ல. படுக்கறதுக்கு முன்னாடியும் பல் விளக்கணும், சரியா?"

இருவரும் கிளம்பினார்கள். அப்படியே விட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? மனசு கேட்கவில்லை.

"செவ்வந்தி, பொன்னேரி டாக்டர் மேல தப்பில்ல. போன வருஷமே அது சொத்தையாத்தான் இருந்திருக்கும். நான் சரியா பாக்கல. பாத்திருந்தா அடைச்சே காப்பாத்தியிருக்கலாம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. அவள் மகளை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இன்னொரு தபா பாருங்க."

பஞ்சால் எச்சில் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புதிதாக முளைத்த பல்லில், ஈறோரமாக, சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாது. இன்னும் குழி விழவில்லை, மருந்து பூசினால் கெட்டிப்பட்டுவிடும்.

"இருக்கு," என்றேன். "இப்பதான் ஆரம்பம். சரி பண்ணிடலாம்."

செவ்வந்தி கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"காலீலேர்ந்து ஒண்ணுமில்லனு அனுப்பினீங்களே, அவங்களையும் திரும்பக் கூப்பிடட்டா?"

நான் கையுறையைக் கழற்றி வேறொன்றை எடுத்தேன்.

"கூப்பிடு," என்றேன்.