ஹரியின் ஒரே காட்சி

எங்கள் நாடகக் குழுவில் மேடை நிர்வாகம் கற்றுத்தர எட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. நடத்தியவள் தாரணி. வாரநாளில் தரமணியில் ஐ.டி. வேலை, ஞாயிறானால் மணியும் விசிலுமாக எங்கள் உயிரை எடுப்பாள். திரை, விளக்கு, நாற்காலி எல்லாம் சொல்லித் தந்தாள். மைக்கைப் பிடித்த ஸ்பான்சரை எப்படி இறக்குவது என்பதை மட்டும் சொல்லித் தரவில்லை. அவளுக்கே அது தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நான் மஹ்விஷ். மயிலாப்பூரில் நடந்த மதியக் காட்சிதான் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் நாடகம். ஐந்து மணிக்கு அரங்கத்தை ஒரு நாட்டிய அரங்கேற்றத்துக்கு விட்டாக வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் அரங்கத்துக்காரர்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். முந்தைய இரண்டு தடவையும் அப்படித்தான் கடைசிக் காட்சி அம்போவென்று போனது. ஹரி வருவதே அந்தக் காட்சியில்தான். நான்கு மாதம் ஒத்திகை பார்த்த பாவி, இதுவரை மேடையில் கால் வைக்கவில்லை. இந்த முறை அவன் அம்மா அசோக் நகரிலிருந்து பதினோரு சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இடைவேளையில், வழக்கம்போல் மூடிய திரைக்கு முன்னால், எங்கள் ஸ்பான்சர் நகைக்கடை கணேசமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்தினோம். இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். அங்கேதான் தப்பு. மனிதர் செய்கூலியில் தொடங்கி சேதாரத்துக்கு வந்தபோது மணி நாலு இருபது. மிச்ச நாடகம் முப்பத்தைந்து நிமிஷம்.

ஹரி என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“திரையத் திறக்கப்போறேன்க்கா.”

“இன்னாடி பண்ற!” தாரணி என் கையைப் பிடித்தாள். “துட்டு குடுத்தவரு அவரு. பேசி முடிக்கட்டும், வுடு.”

கையை உதறிவிட்டு மணியடித்தேன். திரை விலகியது.

மேடையில் சாவு வீடு. பெஞ்சில் பிணம், சுற்றிலும் நாலு பெண்கள். “எங்கள வுட்டுட்டுப் போய்ட்டியே!” என்று ஒப்பாரி கிளம்பியது. கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது. மனிதர் மைக்கைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். தன் மேலிருந்த பொன்னாடையை எடுத்துப் பிணத்துக்குப் போர்த்தி, கைகூப்பி, சாவு வீட்டு முறைப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

ஹரி வந்தான், அழுதான், நன்றாகவே அழுதான். நாலு ஐம்பத்தெட்டுக்குத் திரை மூடியபோது பதினோரு சொந்தக்காரர்களும் எழுந்து நின்று விசிலடித்தார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மேடைக்குப் பின்பக்கம் வெறுங்காலோடு வந்தார் கணேசமூர்த்தி.

“திரையத் திறந்தது யாரும்மா?”

தாரணி மின்விசிறியைப் பார்த்தாள்.

“நான்தான் சார்.”

“அடுத்த தடவ பொணத்துக்குச் சால்வ போத்த நான் எத்தன மணிக்கு வரணும்?”

“சனிக்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை சார். சால்வை மட்டும்தான். பேச்சு கிடையாது.”

“ரெண்டே வார்த்த?”

“கிடையாது சார்.”