ஒதுங்க வைத்த வீடு

"எத்தனை பிள்ளைக?" என்று கேட்டுவிட்டு, இரண்டு என்றதும் முகத்தைச் சுளிக்காத ஒரே வீட்டுக்காரி அங்காளம்மாள்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே அறிவுச்செல்வி அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு கீழ்ப் போர்ஷன். ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. கட்டிலைப் போட்டால் நடக்க வழியில்லை, பிள்ளைகள் பையைக் கழற்றி வீசினால் உட்கார வழியில்லை. ஆனால் பள்ளிக்கூடம் எதிர்த் தெருவில் இருந்தது. இதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது என்று செல்விக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் அந்த வீட்டைக் கட்டி மேய்த்தாள். காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றும் புருஷன் மதன்குமார் கொண்டுவந்த, ஓரம் உடைந்த தக்காளிப் பெட்டிகளைக் கழுவி, ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிச் சுவரோரம் நிறுத்தினாள். ஐந்தாவது படிக்கும் தமிழ்நிலாவுக்கு ஒரு வரிசை, சின்னவன் அன்புமணிக்கு ஒரு வரிசை. கதவுக்குப் பின்னால், பழைய சேலையில் தைத்த பைகளில் சாக்ஸும் கர்சீப்பும். போட்டது போட்டபடி கிடந்தால் அன்று டிவி கிடையாது. புதுப் பொம்மை ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போயாக வேண்டும். பிள்ளைகள் அழுதார்கள், முரண்டு பிடித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் நாலு பேரும் காலை நீட்டிப் படுக்க இடம் வந்துவிட்டது.

ஒருநாள் மாடியிலிருந்து இறங்கிவந்த அங்காளம்மாள் வாயைப் பிளந்தாள்.

"ஏத்தா, இது என் வீடுதானா? கோயமுத்தூர்ல எம் மக வீட்டப் பாக்கணுமே, கால் வைக்க எடமில்ல. போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பு, அவளும் பாத்துப் படிக்கட்டும்."

செல்விக்குப் பெருமை தாங்கவில்லை. தையல் மிஷினை அடுப்படிக்குள் தள்ளி, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவிட்டு, மூலைக்கு மூலை நின்று படம் எடுத்து அனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் கீர்த்தனா என்று ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"வீடு காலியாகுதாமேக்கா? பாத்துட்டுப் போகலாம்னு வத்தலக்குண்டுல இருந்து வாரேன்" என்று போனை நீட்டினாள்.

செல்வி எடுத்த அதே படங்கள். கீழே, 'விசாலமான வீடு, குழந்தைகள் உள்ளவர்களுக்கு ஏற்றது' என்று எழுதி, செல்வி கனவிலும் கொடுக்க முடியாத வாடகை போட்டிருந்தது.

"சாயந்தரம் எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாரேன். அவருக்குப் பிடிச்சா அட்வான்ஸ் குடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள். பாவம், அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

செல்வி நேரே மாடிக்கு ஏறினாள். "அக்கா, மகளுக்குன்னுதானே கேட்டீங்க?"

அங்காளம்மாள் சின்ன வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அவளுக்கும்தான் அனுப்புனேன். வீடு இம்புட்டுப் பெருசுன்னு நீ வச்சிருக்கிறதப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. அம்புட்டு வாடகை ஒன்னால குடுக்க முடியுமா, சொல்லு? அடுத்த மாசத்துக்குள்ள வேற பாத்துக்க. போறப்ப அந்தப் பெட்டிகள விட்டுட்டுப் போ, வர்றவங்களும் பிள்ளக்காரங்கதான்."

கூடப் பிறந்தவளாக நினைத்தவள் கழுத்தை அறுத்துவிட்டாள். அதற்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்ததும் நாம்தானே என்பதுதான் செல்விக்குப் பொறுக்கவில்லை.

கீழே வந்தவள் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். யூனிஃபார்ம், கிரேயான், சொப்புச் சாமான் எல்லாம் தரையில் கொட்டின. மிஷினை நடு அறைக்கு இழுத்துப் போட்டாள். பிள்ளைகள் மிரண்டு நின்றார்கள்.

"இன்னிக்கு யாரும் எதையும் எடுத்து வைக்கக் கூடாது. கெடக்கட்டும், வெளையாடுங்க."

"டிவிம்மா?"

"போட்டுக்கங்க."

இந்தக் குப்பையைப் பார்த்துவிட்டு எவன் அட்வான்ஸ் கொடுக்கிறான் பார்ப்போம் என்று கறுவிக்கொண்டு, போனை எடுக்காத மதன்குமாரைத் தேடி மார்க்கெட்டுக்குப் போனாள்.

லோடு ஏற்றும் லாரி வர நேரமாகி, அவனால் வேலையை விட்டு வர முடியாமல், அவள் மட்டும் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே கீர்த்தனாவும் அவள் புருஷனும், கூடவே அங்காளம்மாளும் நின்றார்கள். தரை பளிச்சென்று இருந்தது. "சின்னப் பிள்ளைகளே இம்புட்டு அழகா வச்சிருக்குதுன்னா, வேற என்னங்க பாக்கணும்? பேசி முடிச்சிரலாம்மா" என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தான்.

தமிழ்நிலா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஆளுக வாராங்க, இப்படிக் கெடந்தா அம்மா மானம் போயிரும்னு மாடிப் பெரியம்மா சொன்னாங்கம்மா. நானும் தம்பியும் ஓடி ஓடி எல்லாத்தையும் வச்சுட்டோம். மிஷின மட்டும் பெரியம்மாவும் சேந்து தள்ளுனாங்க. ஒரு சாமான்கூட எடம் மாறல, பாரும்மா!"

செல்வி பார்த்தாள். உண்மைதான், ஒன்றுகூட மாறவில்லை. அங்காளம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வச்சிருக்கீங்க" என்று செல்வி இரண்டு தலைகளையும் தடவினாள். திட்ட வாய் வரவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அதுகள் செய்திருந்தன.