அறுபத்து நான்கு கிலோமீட்டர் ஓடிய கார்

ஜெர்மனியில், அடேனா என்ற சிறு ஊரில் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் கணவர் ரூப்ரெக்ட் பல் மருத்துவர். ஒன்பது வருடத்துக்கு முன் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். விற்றவர்களின் ஆள் வீடுவரை ஓட்டிவந்த அறுபத்து நான்கு கிலோமீட்டரோடு சரி. அன்றிலிருந்து உறை போர்த்திக்கொண்டு கொட்டகையில் தூங்கியது. மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார். கொட்டகைக்குத் தனி ஹீட்டர் வேறு. எங்கள் படுக்கையறையை விட அங்கேதான் கதகதப்பு.

ஒருமுறை சாவியைக் கேட்டேன்.

"ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை இறங்கும், வீப்கே."

"அப்ப கல்யாணத்தன்னிக்கே என்னையும் உறை போட்டு வச்சிருக்கலாமே!"

போன அக்டோபரில் விலை இரண்டு மடங்கானதும் விளம்பரம் கொடுத்தார். ஹாலந்திலிருந்து சீட்ஸ்கே என்ற அம்மாள் வந்தார். க்ரோனிங்கன் பக்கம் குடைமிளகாய்த் தோட்டம். அறுபது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் தோல் கையுறை. கேட்ட விலைக்கு மறுபேச்சில்லை.

"ஏத்திட்டுப் போக லாரி எப்ப வரும்?" என்றார் ரூப்ரெக்ட்.

"லாரி எதுக்கு? ஓட்டிட்டுப் போறேன்."

"இந்த மழையிலயா?"

"ஏன், கார் என்ன கரைஞ்சா போயிடும்?"

ரூப்ரெக்டின் முகம் வெளுத்துவிட்டது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விற்கவில்லை என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த அம்மாளோ சிரித்தார்.

"சரி, விக்க வேணாம். ரெமாகன் ஸ்டேஷன்லயாவது கொண்டுபோய் விடுங்க. இதுலயே!"

அதற்கு மட்டும் ரூப்ரெக்ட் இணங்கி, ஓட்ட உட்கார்ந்தார். வாசலிலேயே மூன்று முறை இஞ்சின் அணைந்தது. மாணவர்களிடம் பேசும் குரலில் கத்தினேன்: "கிளட்ச்ச மெதுவா விடு! மெதுவா!" ஒரு உறுமல். குதிரை போல் ஒரு துள்ளல். போய்விட்டார்கள். அப்போது மணி ஒன்றரை.

ஸ்டேஷன் முக்கால் மணி நேரத் தூரம். நான்கு மணியாயிற்று, ஐந்தும் ஆயிற்று. ஆறரைக்குப் போன் வந்தது.

"வீப்கே, கோவிச்சுக்காத. க்ரோனிங்கன்ல இருக்கேன்."

"ஹாலந்துலயா? நானூறு கிலோமீட்டராச்சே!"

"ஸ்டேஷன் வந்துச்சு, நிறுத்த மனசு வரல. பாதி தூரம் அவங்க ஓட்டினாங்க. என்னமா ஓட்டுறாங்க தெரியுமா! வழியில ஒரு டிராக்டர் நம்ம கார் கண்ணாடி பூரா சேத்தை அடிச்சிட்டுப் போச்சு..." சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். சக்கரம் முதல் கூரை வரை சேறு. பக்கத்து இருக்கையில் ஒரு பெட்டி குடைமிளகாய். விலையில் எத்தனை ஆயிரம் யூரோ போயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்று முனகியபடி இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு சாவியை என்னிடம் நீட்டினார்.

"சமையல நான் பாத்துக்கறேன். நீ ஒரு சுத்து போயிட்டு வா."

இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.