கூரையில் ஓடிய படம்

ஹெகே கட்டிலருகே மண்டியிட்டு, புரொஜெக்டரை ஒரு மரப்பெட்டியில் சாய்த்து வைத்தாள். படம் கூரையில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை. வடக்கு நார்வேயில் ஜூன் மாத மத்தியானம். அறை முழுக்க வெளிச்சம் கொட்டிக் கிடந்தது.

“தெரியுதாப்பா?”

கட்டிலில் கிடந்த அப்பா ஓட்வாரால் கழுத்தைத் திருப்ப முடியாது. மேலே பார்த்தபடியே சொன்னார்: “பேய்ப் படமா? ஆளையே காணோம்.”

காலையில் வந்த நர்ஸ், இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு படம்.

அந்த மலிவான புரொஜெக்டரை அவர் வாங்கி வந்த அன்று, “இது டார்ச் லைட்டு” என்று அம்மா மரித் சிரித்தாள். ஆனால் குளிர்காலத்தில் இரண்டு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவரில்தான் சனிக்கிழமைதோறும் படம். ஆணியைப் பிடுங்க மறந்தார்கள்; எந்தக் கதாநாயகி வந்தாலும் கன்னத்தில் அது மச்சமாக நின்றது. பக்கத்து வீட்டார் வாஃபிள் சுட்டு எடுத்து வருவார்கள். ஓட்வார் வாசலில் நின்று, “டிக்கெட் எங்கே?” என்பார். கோடை வந்ததும் புரொஜெக்டர் அலமாரிக்குப் போய்விடும்.

ஹெகேயின் தம்பி எய்விண்ட் கம்பளிகளோடு வந்து ஜன்னலை மூடத் தொடங்கினான்.

“வேண்டாண்டா,” என்றாள் மரித். “கடல் தெரியட்டும். கடைசி நேரத்துல மனுஷன இருட்டுலயா போடுவீங்க?”

“கடலை அறுபது வருஷமா பாத்தாச்சு, மரித்,” என்றார் ஓட்வார். “மூடச் சொல்லு.”

அவள் கம்பளியின் ஒரு முனையைத் தானே பிடித்துக் கொடுத்தாள்.

அறை இருண்டது. பலகைக் கூரையில் படம் மெல்லத் துலங்கியது. பாதிரியாரின் ஆடு காணாமல் போகும் பழைய சிரிப்புப் படம். பலகை இடுக்குகள் பாதிரியாரைக் கோடு கோடாக வெட்டின.

“கொஞ்சம் இடப்பக்கம்,” என்றார் ஓட்வார். ஹெகே நகர்த்தினாள். “ம். போதும்.”

பிறகு அவர் பேசவில்லை. ஹெகே அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் கண்கள் திறந்திருந்தன, நிறங்கள் அவற்றில் அசைந்தன. பாதிரியார் சேற்றில் விழுந்தபோது ஒரு மூச்சு நீளமாக இழுத்து நின்றது. அடுத்தது வருமென்று மூவரும் காத்திருந்தார்கள்.

எய்விண்ட்தான் முதலில் எழுந்தான். உயிர் போனதும் ஜன்னலைத் திறப்பது அவர்கள் வழக்கம். கம்பளியில் கை வைத்தான்.

“இரு,” என்றாள் மரித். “படம் முடியட்டும்.”

அவள் செருப்பைக் கழற்றினாள். கணவரின் தோளைச் சற்றே நகர்த்தி, பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். மேலே, ஆடு தேவாலயத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

ஹெகே கையை நீட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.